கஞ்சி குடித்த ரேடியேட்டர்

காலை 5.20, புரசைவாக்கம்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து காஞ்சிபுரம் எழுபத்தாறு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். நாங்கள் சொந்த வண்டியில் போனதால் நேரத்தையும் சொல்ல முடியாது, செலவையும் சொல்ல முடியாது. அது 1969ஆம் வருஷம், ஆனி மாதத்துச் சனிக்கிழமை. மச்சினியின் கல்யாணத்துக்காகப் பிள்ளையார்பாளையத்தில் தறியில் போட்டிருந்த கூறைப்புடவை தயார் என்று கார்டு வந்திருந்தது. அதைப் போய் வாங்கி வர வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. பந்தயத்துக்கென்று இங்கிலாந்தில் செய்தது. வயதில் என்னைவிட ஒன்பது வருஷம் சின்னது. ஊருக்குக் கப்பலேறிய ஒரு தேயிலைக் கம்பெனி துரையிடம் நான்கு வருஷத்துக்கு முன்பு மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். விற்ற கையோடு அவர் ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் குலுக்கினார் என்பது பூந்தமல்லி தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. வண்டி இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை கொதிக்கும்.

நான் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன். அதிலும் வெப்பவியல் என் பாடம். நீர் எத்தனை டிகிரியில் ஏன் கொதிக்கிறது என்று வருஷத்துக்கு நூற்றிருபது மாணவர்களுக்கு விளக்குகிறேன். என் வண்டியில் ஏன் கொதிக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. விசிறியை மாற்றினேன், ரப்பர் குழாய்களை மாற்றினேன், பானெட்டில் பதினாறு ஓட்டை போட்டேன். லண்டனிலிருந்து வரும் ஒரு கார்ப் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. மலைப்பாதைகளைத் தவிர்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். புரசைவாக்கத்தில் ஏது மலை?

இதனால் வண்டியில் எங்கே போனாலும் என் மனைவி வசந்தா மடியில் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். வேறு இடத்தில் வைத்தால் கவிழ்ந்துவிடும். நான்கு வருஷமாக அவள் இந்த வண்டியில் ஏறியிருக்கிறாளே தவிர, மடியில் குடமில்லாமல் ஏறியதில்லை. ஆற்காட்டில் பிறந்தவள், அதிகம் பேச மாட்டாள். பேசினால் அது முடிவாக இருக்கும்.

அந்த முடிவு முந்தின வாரம் வந்தது. எழும்பூரில் ஒரு பல் டாக்டர் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தா சொன்னாள்: காஞ்சிபுரம் போகும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் கொதிக்கட்டும், அது தெரிந்த விஷயம். திரும்பும்போது மடியில் கூறைப்புடவை இருக்கும், குடம் இருக்காது. அப்போது ஒரே ஒருமுறை கொதித்தாலும் திங்கட்கிழமை டாக்டர் வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் இருக்க வழியில்லை. டாக்டருக்குத் திங்கள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லித் தகவலும் போய்விட்டது.

காலை 8.50, பிள்ளையார்பாளையம்

பூந்தமல்லியில் ஒருமுறை, ஸ்ரீபெரும்புதூரில் ஒருமுறை, சுங்குவார்சத்திரத்தில் ஒருமுறை, ராஜகுளத்தில் ஏரிக்கரையோரம் ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் ஆற வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, குடத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். சுங்குவார்சத்திரத்தில் இட்லி நன்றாக இருந்தது. இரண்டு இட்லி இருபது காசு, கெட்டிச் சட்னி.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் போக வேண்டிய தெருவுக்குள் நுழைய முடியவில்லை. தெருவின் முழு நீளத்துக்கும் பாவு கட்டியிருந்தார்கள். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். அதைத் தறியில் ஏற்றுமுன் தெருவில் இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, சோற்றுக் கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். கஞ்சி போட்டால் நூல் முறுக்கேறி நிற்கும், தறியில் அறாது. அது காயும் வரை சைக்கிளோ மாடோ மாப்பிள்ளை ஊர்வலமோ எதுவும் அந்தத் தெருவில் போகாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நின்ற வண்டி ஐந்தாவது முறையாகக் கொதித்தது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியதும் தெருவே நிமிர்ந்து பார்த்தது. ஈரம் பட்டால் பாவு கெட்டுவிடும் என்று நான்கு பேர் ஓடிவந்து, எங்கள் இருவரோடும் சேர்த்து வண்டியை முப்பது அடி பின்னால் தள்ளினார்கள். அப்புறம்தான் வணக்கம் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர்தான் எங்கள் புடவையை நெய்த கன்னியப்பன். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு துண்டு நூல். வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். கீழே சொட்டு சொட்டாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு எங்களை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, பாவைப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போனார்.

காலை 9.45, கன்னியப்பன் வீடு

புடவையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அரக்கு நிறம், மாம்பழ நிறத்தில் கரை, ஜரிகையில் மயில். வசந்தா அதைப் பிரித்துப் பார்த்த பார்வையில் பத்தில் ஒரு பங்கு என் வண்டிக்குக் கிடைத்திருந்தால் பல் டாக்டர் கதையே வந்திருக்காது. விலை முந்நூற்றறுபது ரூபாய்.

கன்னியப்பன் அவளுக்கு ஒரு எச்சரிக்கை சொன்னார். "மொதல் தண்ணியில கொஞ்சம் சாயம் வுடும்மா. அதுக்காவ பொடவ கெட்டுப்போச்சின்னு யாராச்சும் சொன்னா கேக்காத. ரெண்டாந் தண்ணியில நின்னுடும்."

வெளியே வந்தால் எனக்கு ஒரு அதிசயம் காத்திருந்தது. ஒழுகல் நின்றிருந்தது. வண்டிக்கடியில் ஒரு சொட்டு கிடையாது. உலோகம் குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது நுண்ணிய துளைகள் தாமாக மூடிக்கொள்ளும் என்று வசந்தாவுக்கு விளக்கினேன். தெருவில் நின்ற இரண்டு மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கன்னியப்பன்கூடத் தலையாட்டினார். நான் நடத்திய வகுப்புகளிலேயே மிகக் கவனமாகக் கேட்கப்பட்டது அதுதான்.

அந்தச் சந்தோஷத்தில், ஊர் திரும்புமுன் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாம் என்று சின்ன காஞ்சிபுரம் நோக்கி வண்டியை எடுத்தேன். முக்கால் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது. வேடிக்கை என்னவென்றால் ஆவி வரவில்லை, சத்தமும் இல்லை. ஏதோ உள்ளே மென்று விழுங்குவதுபோல் ஒரு குளுக் குளுக் மட்டும் கேட்டது. நிறுத்தி, துணியைச் சுற்றி மூடியை லேசாகத் திருகினேன்.

மூடி கையை விட்டுப் பறந்தது. அதன் பின்னால் சுடச்சுடக் கெட்டிக் கஞ்சி எழும்பி பானெட், கண்ணாடி, என் மூக்குக் கண்ணாடி, சட்டை என்று எதையும் விடாமல் விழுந்தது. நல்ல வேளை, முகத்தைத் திருப்பியிருந்தேன். வெந்த அரிசி வாசனை தெருவெங்கும் பரவியது. எங்கிருந்தோ ஒரு பசு நிதானமாக வந்து பானெட்டை நக்க ஆரம்பித்தது. அதைத் துரத்த யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். வசந்தா புடவைப் பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

காலை 10.40, மறுபடியும் பிள்ளையார்பாளையம்

பத்துப் பேர் தள்ளி வண்டி திரும்பி வந்தது. கன்னியப்பன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் செய்ததாகவே அவர் நினைக்கவில்லை. "நைஞ்ச நூலுக்குக் கஞ்சி போட்டாத்தான் சார் தாங்கும். உங்க வண்டி உள்ள ரொம்ப நைஞ்சி போயிருந்திச்சி. அதான் பாவுக்கு வெச்சிருந்ததுல ரெண்டு செம்பு ஊத்தினேன். ஒழுகுறது நின்னுச்சா இல்லியா?"

நின்றதுதான். அதை மறுக்க முடியவில்லை. என் சுருங்கும் உலோகத்தைப் பற்றி அவர் ஏன் அப்படித் தலையாட்டினார் என்பதும் இப்போது புரிந்தது. வாத்தியார் சொல்வதை இடையில் மறிக்கக் கூடாது என்ற மரியாதைதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது. அதில் கஞ்சி வெந்து இறுகிவிட்டது. வண்டி இனி கொதிக்காமல் ஊர் போவதாவது? பல் டாக்டர் என் இருக்கையில் உட்கார்ந்து போவதை நான் பார்த்தே விட்டேன். நாற்பத்தொரு வயதில் ஒரு காரின் மேலிருந்த கஞ்சியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்றேன்.

கன்னியப்பன் மட்டும் கவலைப்படவில்லை. கஞ்சி போடுகிறவன் நான், எடுக்கிறவன் ஏகாம்பரம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

பகல் 11.15, சாயக்காரர் வீட்டுக் கொல்லை

ஏகாம்பரம் சாயம் தோய்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. கொல்லையில் மூன்று அடுப்பு, மூன்று செம்பு அண்டா. பட்டு நூல் பூச்சியிடமிருந்து வரும்போதே ஒரு பசையோடு வருமாம். சோடாவும் சவுக்காரமும் போட்டு நூலைக் காய்ச்சி அந்தப் பசையை எடுத்தால்தான் பளபளப்பும் வரும், சாயமும் ஏறும். தினமும் பசை எடுக்கிறவருக்கு என் ரேடியேட்டர் இன்னொரு நூல்கண்டு மாதிரிதான் தெரிந்தது.

அவரும் கன்னியப்பனும் முதலில் பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். நூல் அறுந்தால் நெய்கிறவர் சாயக்காரரைச் சொல்வதும், சாயம் வெளுத்தால் சாயக்காரர் நெய்கிறவரைச் சொல்வதும் அந்தத் தெருவில் நித்தியப்படி நடப்பதாம். இன்றைக்குக் கார் கிடைத்தது. அதற்குள் நான் ஸ்பேனர்களை எடுத்து ரேடியேட்டரைக் கழற்றினேன். இரண்டு குழாய், நான்கு போல்ட், ஒரு மணி நேரம், விரலில் இரண்டு காயம்.

ஏகாம்பரம் எஞ்சினில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "மெட்ராஸ் கெணத்துத் தண்ணி. உப்பு. இதுல நூலு போட்டா சாயம் திட்டு திட்டா நிக்கும் சார்."

ஒரு அண்டாவில் சோடா போட்டுக் காய்ச்சினார். அரை மணியில் கஞ்சி கரைந்து நுரையாக மேலே வந்தது. மூன்று முறை அலசி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். நியாயமாகக் குழாய்களுக்குள் வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கஞ்சி போனபின் அதற்கடியில் வெள்ளையாக, ஓடு மாதிரி ஒன்று படிந்திருந்தது. என் வீட்டுக் கிணற்று உப்பு, நான்கு வருஷத்து உப்பு. லண்டன் பத்திரிகைக்குத் தெரியாத மலை அதுதான்.

ஏகாம்பரம் கையை விரித்தார். பாலாற்றுத் தண்ணீரில் தொழில் செய்கிறவர். உப்பு எடுத்துப் பழக்கமில்லை. கந்தக அமிலம், உப்பு அமிலம் என்று நான் ஆரம்பித்தேன். பட்டு காயும் கொல்லையில் அந்தப் பேச்சே கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த நாளில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அதுவரை ஒரு ஓரமாக உட்கார்ந்து புடவைப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்த வசந்தா, நிமிராமலே சொன்னாள். "வெந்நீர் அண்டாவுல இப்பிடித்தான் படியும். பழைய புளி கரைச்சி ஊத்திக் காய்ச்சினா உரிஞ்சிக்கினு வந்துடும். மாசா மாசம் பண்றேன்."

ஏகாம்பரம் உடனே கடைக்கு ஆள் அனுப்பினார். அரைக் கிலோ பழைய புளி, ஒரு ரூபாய் பத்து காசு. கைவசம் காலியாக இருந்த அண்டா காலையில் அரக்குச் சாயம் காய்ச்சியது. கழுவிவிட்டதாக அவர் சொன்னார், நாங்கள் நம்பினோம். முக்கால் மணி நேரம் புளித்தண்ணீர் கொதித்தது. வசந்தாவே எழுந்து வந்து கட்டையால் ரேடியேட்டரைப் புரட்டிவிட்டாள். வெள்ளை ஓடு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. தூக்கிப் பிடித்தபோது அத்தனை குழாய்களிலும் வெயில் தெரிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாலு வருஷமா மடியில கொடத்த வெச்சிக்கினு வரேன். ஏன் கொதிக்குதுன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா? லண்டனுக்கு எழுதினீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கட்டையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவை நான் தினமும் காலையில் பார்க்கிறேன். அதில் குளிக்கவும் குளிக்கிறேன். அதை வெப்பவியலோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

கஞ்சி அடைத்த ஓட்டை, கஞ்சி போனதும் திறந்துகொண்டது. அண்டா ஒழுகினால் வைக்கும் ஈயத்தைக் காய்ச்சி ஏகாம்பரமே அதை அடைத்தார். எஞ்சினையும் இரண்டு தடவை அலசிவிட்டு, ரேடியேட்டரை வண்டியில் பூட்டி, பாலாற்றுத் தண்ணீரை நிரப்பினோம். காசு வாங்கமாட்டேன் என்று ஏகாம்பரம் பிடிவாதமாக நின்றார். வசந்தா சட்டென்று குடத்தை எடுத்து அவர் மனைவி கையில் கொடுத்தாள். கூலியாக இல்லை, ஞாபகத்துக்கு என்றாள். திரும்பும் வழிக்கு இனிக் குடமும் கிடையாது, அவசரத்துக்குத் தண்ணீரும் கிடையாது.

மாலை 5.45, ஸ்ரீபெரும்புதூர்

நாலரைக்குக் கிளம்பினோம். பெருமாளை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டோம். ராஜகுளம் தாண்டினோம், சுங்குவார்சத்திரம் தாண்டினோம். முள் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றது. கொதிக்க 212 ஆக வேண்டும். நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். வசந்தா மடியில் புடவைப் பெட்டி இருந்தது. இரண்டு கையையும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் கொஞ்ச நேரம் தவித்தாள். பிறகு ஒரு கையைக் கதவுக்கு வெளியே காற்றில் விட்டுக்கொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க நிறுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டாம். எஞ்சினை அணைத்து இறங்கியதும், மூடிக்குப் பக்கத்துச் சிறு குழாய் வழியாக வண்டி ஒரு வாய் துப்பியது. துப்பியது ரத்தம். அரக்குச் சிவப்பில் தாரையாக இறங்கித் தார்ச்சாலையில் ஓடியது.

டீக்கடையே எழுந்து வந்தது. ஆடா நாயா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் குனிந்து சக்கரங்களுக்கிடையில் தேடினார். ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் மோதினீர்கள் என்று ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பற்றிக் கவலையில்லை. நான் பார்த்தது வசந்தாவைத்தான். தண்ணீர் வெளியே வந்துவிட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சரி, திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று நானே சொல்ல வாயெடுத்தேன்.

வசந்தா பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். அந்தச் சிவப்புத் தண்ணீரில் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். போலீஸ்காரரிடம் திரும்பினாள்.

"மோதவும் இல்ல, கொதிக்கவும் இல்லீங்க. சாயம் வுடுது. மொதல் தண்ணியில வுடத்தான் வுடும்."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். நாங்கள் டீ குடித்தோம், பதினைந்து காசு. வசந்தா என் முகத்தைப் பார்க்காமலே குடித்தாள். முள் வீடு வரை 180ஐத் தாண்டவில்லை.

திங்கள் காலை 9.00, புரசைவாக்கம்

காஞ்சிபுரத்தில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஒரு காரியத்தைத் தொடங்குகிறார்கள். புரசைவாக்கத்தில் கிணற்றில் கயிறு எட்டினால் போதும், அது தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வசந்தா கூரைத் தகரத்தில் விழும் மழைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் ஒரு தொட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டேன். கேட்கப் பழகிக்கொண்டிருந்தேன். ரேடியேட்டருக்கு என்றாள்.

ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் வெள்ளைச் சட்டையில், செக்குப் புத்தகத்தோடு வந்தார். வண்டியைப் பார்த்துக் கண் மலர்ந்தார். நான் அவரை உட்காரச் சொல்லி நாற்காலி தேடிக்கொண்டிருந்தபோது வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க," என்றாள். "இவர் என்னைக் கேக்காம உங்ககிட்ட சொல்லிட்டார்."